பெரிய வெள்ளிக்குச் சீட்டு விழுந்தவர்

1. ஓர்கன் மூடிக் கிடக்கும் நாள்

கோவிலில் ஓர்கன் வாசிப்பவருக்கு வருடத்திலேயே பயமான நாள் எது என்று கேட்டால் நத்தார், கிறிஸ்மஸ் என்றுதான் பலரும் சொல்வார்கள். எனக்குப் பெரிய வெள்ளி. பெரிய வியாழன் திருப்பலியில் வானவர் கீதம் முடிந்ததும் ஓர்கனை மூடிவிடுவோம். அதன்பிறகு பாஸ்கா வரைக்கும் அதைத் தொடுவதில்லை. மற்ற நாட்களில் பாடகர் குழு சுருதி விலகினால் ஓர்கனில் இன்னும் இரண்டு ஸ்டொப் குமிழை இழுத்துவிட்டுச் சத்தத்தில் அமுக்கிவிடலாம். பெரிய வெள்ளியில் அந்த வசதி இல்லை. பாடுகிறவர் பிழைவிட்டால் முழுக் கோவிலும் கேட்கும்.

சுவிஸில் லிம்மாத் பள்ளத்தாக்கில், டீட்டிகோனுக்குப் பக்கத்தில் ஒரு பங்கில் நான் ஓர்கன் வாசித்தேன். தமிழ்ப் பாடகர் குழுவும் என் பொறுப்பு. அரைப் பென்சும், அதாவது அரைநேர வேலை. போன வருடம் ஓய்வு பெற்றேன். இந்த வேலைக்கு இப்போது வருகிற பிள்ளைகள், "அக்கா, ஆரைப் பாட விடுறது எண்டு எப்பிடி முடிவெடுத்தனீங்கள்?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பல வருடங்களாகப் பெரிய வெள்ளியன்று நாங்கள் கோவிலுக்குக் கீழே இருக்கும் மண்டபத்தில்தான் தனியாக வழிபட்டோம். மேலே சுவிஸ்காரரின் வழிபாடு நடக்கும். கீழே, அடுக்கி வைத்த கதிரைகளுக்கு நடுவில், எங்கள் புலம்பல் பாட்டு. ஒரு வருடம் பங்கின் இசைப் பொறுப்பாளர் ஹெர் பியூலர் என்னைக் கூப்பிட்டார். அவர் ஜெர்மனில் சொன்னதை எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

"இந்த முறை எல்லாரும் மேல வாங்கோ. சிலுவைக்கு முத்தம் குடுத்து முத்தி செய்யிற நேரம் முழுக்க உங்கட ஆக்கள் பாடட்டும். ஒருக்கா செய்து பாப்பம். சரிவரேல்லை எண்டா அடுத்த வருசம் பழையபடி கீழதான்."

எனக்குத் தலைகால் புரியாத சந்தோசம். அது ஒரு கிழமைதான் நின்றது.

2. வாரிசும் பரீட்சையும்

புலம்பல் பாட்டை ஒருவர் தனியாகத் தொடங்க வேண்டும். அடியெடுத்துக் கொடுக்கிறவர் ஒரு வரி பாடினால், சபை முழுவதும் ஒவ்வொரு முறையும் அதே பல்லவி வரியைத் திருப்பிப் பாடும். கீழே இருந்த காலத்தில் யூட் அண்ணைதான் தொடங்குவார். அவர் பஸ் ஓட்டுகிறவர். கணீரென்ற குரல். ஊரில் அவருடைய தகப்பனும் பாட்டனும் இதே பாட்டைக் கோவிலில் தொடங்கியவர்கள். அந்த உரிமையை யாரும் கேள்வி கேட்டதில்லை.

ஹெர் பியூலருக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஃபோர்சிங்கன் வைப்போம் என்றார். ஒவ்வொருவராகப் பாடிக் காட்ட வேண்டும், நல்லவரைத் தெரிவுசெய்யலாம். இங்கே எல்லாக் குழுவிலும் இருக்கும் வழக்கம்தான். எங்கள் ஆட்களிடம் அதைச் சொன்னபோதுதான் வீட்டுக்குள் பாம்பை விட்டதுபோல் ஆனது.

"என்ன எமில்டா, நான் சோதனை எழுதோணுமோ?" என்றார் யூட் அண்ணை. "எங்கட அப்பு பாடேக்க ஆரும் மார்க்ஸ் போட்டவையோ?"

அவர் வரவில்லை. பாடிக் காட்டியவர்களில் டெல்சியை ஹெர் பியூலருக்குப் பிடித்தது. டெல்சி மன்னார்ப் பிள்ளை. வீடு வீடாகப் போய் வயோதிபர்களைப் பராமரிக்கும் வேலை. முறையாகச் சங்கீதம் படித்தவள். அவள் தெரிவானதும் யூட் அண்ணையின் சொந்தக்காரர் அவ்வளவு பேரும் ப்ரோபேக்கு, பாட்டு ஒத்திகைக்கு, வருவதை நிறுத்திக்கொண்டார்கள். ஆண்குரல் பக்கம் வெறுமையாகிவிட்டது.

டெல்சியும் ஒருநாள் என்னிடம் வந்து நின்றாள். "அக்கா, எனக்கு இது வேண்டாம். கடையில கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகினம்."

"நீ விட்டா அவர் வருவார். ஆனா உன்ர பக்கத்து மன்னார் ஆக்கள் போயிடுவினம்," என்றேன்.

எனக்கு இரவெல்லாம் நித்திரை இல்லை. மேலே போகக் கிடைத்த ஒரே சந்தர்ப்பத்தை நாங்களே கெடுத்துக்கொள்ளப் போகிறோம் என்று யோசித்தபடி கிடந்தேன். ஹெர் பியூலரிடம் என்ன சொல்வது? எங்கள் ஆட்கள் ஒன்றாக நின்று ஒரு பாட்டுப் பாட மாட்டார்கள் என்றா?

3. ஆசாபின் பிள்ளைகள்

கோவில் இசைக்கான வகுப்பில் நான் படித்த ஒரு விஷயம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. படிக்கும்போது அதைப் பரீட்சைக்குப் பாடமாக்கினேனே தவிர, அதற்குமேல் யோசிக்கவில்லை.

பழைய இஸ்ரயேலில் வழிபாட்டுக்குப் பாடுவது ஆசைப்பட்டவர் எழுந்து செய்கிற காரியம் அல்ல. தாவீது அரசன் அதற்கென்று ஆட்களை நியமித்தான். லேவியர் குலத்தில் ஆசாபு, ஏமான், எதுத்தூன் என்று மூன்று பேருடைய குடும்பங்கள். யாழும் சுரமண்டலமும் கைத்தாளமும் அவர்கள் பொறுப்பு. அதுவரைக்கும் யூட் அண்ணை சொல்வது சரி. வாரிசு வழிதான்.

ஆனால் யார் எப்போது பணி செய்வது என்பதை அவர்கள் திறமை பார்த்துத் தீர்மானிக்கவில்லை. சீட்டுப் போட்டார்கள். பெரியவன் சின்னவன் இல்லை, ஆசிரியன் மாணவன் இல்லை, எல்லாருடைய பெயரும் ஒன்றாக விழுந்தது. இருபத்துநான்கு பிரிவுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை. அந்தச் சீட்டில் வென்றவர் தோற்றவர் கிடையாது. அவரவர் முறை எது என்பது மட்டும்தான் தெரியவரும்.

அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் யூட் அண்ணையின் ஆட்களையும் டெல்சியின் ஆட்களையும் மண்டபத்தில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்துவிட்டு இதைச் சொன்னேன். தவக்காலத்தில் ஒவ்வொரு வெள்ளியும் சிலுவைப்பாதை இருக்கிறது. கடைசியில் பெரிய வெள்ளி. ஒவ்வொரு வெள்ளிக்கும் ஒருவர் தொடங்கட்டும். யாருக்கு எந்த வெள்ளி என்று சீட்டுப் போடுவோம். இந்த வருடம் முறை வராதவர் அடுத்த வருடம் முதலில் வருவார்.

யூட் அண்ணை கோப்பையைக் கீழே வைத்தார். "தாவீது ராசாவே சீட்டுப் போட்டவர் எண்டா நான் என்னத்தைக் கதைக்கிறது?" என்றார். டெல்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. எனக்கு அரை உயிர் திரும்பி வந்தது.

குசினியிலிருந்து ஒரு சட்டியை எடுத்துவந்து, குழுவில் எல்லாருடைய பெயரையும் எழுதிப் போட்டுக் குலுக்கினோம். டெல்சிக்கு முதல் வெள்ளி. யூட் அண்ணைக்கு நடுவில் ஒன்று. பெரிய வெள்ளிக்குக் கிளமென்ட்.

கிளமென்ட் களஞ்சியத்தில் ஃபோர்க் லிஃப்ட் ஓட்டுகிறவர். தங்கமான மனுசன், ஆனால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். கிளமென்ட் வாயைத் திறந்தால் சுருதி பஸ் ஏறிப் போய்விடும் என்று குழுவில் பகிடி பண்ணுவார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

"அக்கா, நான் மாட்டன். யூட் அண்ணை, நீங்கள் எடுங்கோ. நான் உங்கட வெள்ளியை எடுக்கிறன்."

யூட் அண்ணை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எல்லாருமே பார்த்தார்கள். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், மேலே பாட்டு நன்றாகப் போகும். ஆனால் விழுந்த சீட்டை அந்த இடத்திலேயே மாற்றினால் அடுத்த முறை யார் அதை நம்புவார்கள்?

"மாத்தேலாது," என்றேன். "விழுந்தது விழுந்ததுதான்."

விஷயத்தை அறிந்த ஹெர் பியூலர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவரோ? நிச்சயமோ?" என்று கேட்டார். நிச்சயம் என்றேன். பொய்தான்.

4. இறங்கிய கட்டை

பெரிய வெள்ளி பிற்பகல். கோவில் நிறைந்திருந்தது. திருப்பிப் பாடும் அந்த ஒரு வரியை ஜெர்மன் எழுத்தில் அச்சடித்துச் சுவிஸ்காரருக்கும் கொடுத்திருந்தோம். மூடிய ஓர்கனுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். சுருதி கொடுக்கக்கூட வழியில்லை.

கிளமென்ட் தொடங்கினார். யூட் அண்ணை பிடிக்கும் கட்டைக்கு மிகக் கீழே. இவ்வளவு கீழே இந்தப் பாட்டை நான் கேட்டதே இல்லை. முடிந்தது கதை என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

திருப்பிப் பாடவேண்டிய இடம் வந்தது. யூட் அண்ணை தன் வழக்கமான உயரத்தில் பிடித்திருந்தால் கிளமென்ட் அங்கேயே அந்தரப்பட்டிருப்பார். அவர் பிடிக்கவில்லை. கீழே இறங்கினார். டெல்சியும் இறங்கினாள். அவர்களோடு முழுக் குழுவும் இறங்கியது.

அதன்பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை. பின்பக்க வாங்குகளிலிருந்து சத்தம் வந்தது. வருடக் கணக்காக வாயை மூடிக்கொண்டு நின்ற எங்கள் ஆண்கள் பாடினார்கள். யூட் அண்ணையின் கட்டை அவர்களுக்கு எட்டாத உயரம் என்று எனக்கு அதுவரை உறைக்கவில்லை. அந்த வரி அடுத்த முறை வந்தபோது சுவிஸ்காரரும் தாளைப் பார்த்துச் சேர்ந்துகொண்டார்கள். உச்சரிப்பைக் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும். யாரும் சிரிக்கவில்லை. சிலுவையை முத்தி செய்ய வரிசையில் வந்தவர்களும் பாடிக்கொண்டே வந்தார்கள். கிளமென்ட் நடுவில் ஓரிடத்தில் விலகினார். சபையின் சத்தத்தில் அது தெரியவே இல்லை. ஓர்கன் செய்யும் வேலையைச் சனம் செய்தது.

முடிந்ததும் ஓர்கன் வாங்கில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். அவ்வளவு ஆறுதல்.

ஹெர் பியூலர் ஓர்கன் மாடத்துக்குப் படியேறி வந்தார். "பெரிய வெள்ளியில இந்தக் கோவில் பாடி நான் கேட்டதில்லை. அடுத்த வருசமும் மேலதான்," என்றார்.

லேவியர்களில் பாடகர் மட்டுமல்ல, ஆலயத்தின் வாயிற்காவலரும் இருந்தார்கள். அவர்களுக்கும் சீட்டுப் போட்டுத்தான் வாசல்களைப் பிரித்தார்கள். இரண்டு வேலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று எனக்கு அன்றைக்கு விளங்கியது. பாட நியமிக்கப்பட்டவர் மற்றவர்கள் உள்ளே வரும்படி திறந்துவிட வேண்டும். பிள்ளைகளே, யாரைப் பாட விடுவது என்று நீங்கள் கேட்டதற்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான்.

அடுத்த தவக்காலத்து முதல் ப்ரோபேக்கு யூட் அண்ணை எல்லாருக்கும் முன்னே வந்து, குசினியிலிருந்து அந்தச் சட்டியைத் தானே எடுத்துவந்து மேசையில் வைத்தார்.

"குலுக்கு, எமில்டா," என்றார். "எனக்கு எந்த வெள்ளி விழுந்தாலும் சரி. கிளமென்ட் பிடிச்ச கட்டையிலதான் நான் தொடங்குவன்."