அண்ணன் கொடுத்த கடன்

என் வீட்டுக்காரர் இரண்டு மாட்டு வண்டிகள் வைத்திருந்தார். லுணுகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து தேயிலைப் பெட்டிகளை ஏற்றிப்போய்ப் பண்டாரவளை ரயிலடியில் இறக்குவதுதான் எங்கள் பிழைப்பு. பதுளைக்கு அப்போது ரயில் வரவில்லை. பாதை போடும் வேலை நடந்துகொண்டிருந்தது.

இரண்டாவது வண்டி, மழைக்குக் கூண்டு போட்டது, என் அண்ணன் கொடுத்த கடனில் வாங்கியது. அண்ணன் அந்தத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் பெரிய கங்காணி. தோட்டத்துத் துரையிடம் சொல்லி எங்களுக்குச் சுமை பிடித்துக் கொடுத்ததும் அவர்தான். கடனுக்கு வட்டி கேட்டதில்லை. ஆனால் நினைத்தபோதெல்லாம் வண்டியைக் கேட்பார். விறகுக்கு, மூட்டைக்கு, விருந்தாளிகளை அழைத்து வர. கூலிப் பேச்சே கிடையாது. நானும் அண்ணன்தானே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஐப்பசியில் ஒருநாள், புது வீட்டுக்குத் தகரம் ஏற்ற வேண்டுமென்று கூண்டு வண்டியை ஓட்டிப் போய்விட்டார். தேயிலைப் பெட்டிகளைத் திறந்த வண்டியில் ஏற்றிச் சாக்குப் போட்டு மூடிக்கொண்டு போனார் என் வீட்டுக்காரர். வழியில் மழை பிடித்துக்கொண்டது. நனைந்த பெட்டிகளுக்குத் தோட்டத்தில் எங்கள் கூலியைப் பிடித்துக்கொண்டார்கள்.

அன்று வீட்டுக்கு வந்தவர் ஈரத்துணியைக்கூட மாற்றவில்லை.

"மச்சான் காச மொத்தமா குடுத்துறப் போறேன்."

பதுளையில் ரயிலடி வரும் இடத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்து அரிசி, புண்ணாக்கு வியாபாரம் தொடங்கலாமென்று சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் மட்டும்தான் எங்களிடம் இருந்தது.

"ரயில் வந்துட்டா நம்ம வண்டிய யாருங்க கூப்புடுவா? அண்ணன் ஒன்னும் நெருக்கலையே. அந்தக் காசு கையில இருக்கட்டும்."

"நெருக்கினாக்கூடப் பரவாயில்ல. மாடு என்னுதா அவருதா, எனக்கே தெரியல."

ஒரு வாரம் இதே பேச்சு. அவர் சரியாகச் சாப்பிடவில்லை, மாட்டைத் தடவிக்கொண்டு தொழுவத்திலேயே நின்றார். கடைசியில், "சரிங்க, குடுத்துருவோம். நானும் வாரேன்" என்றேன். நான் போனால் அண்ணன் தப்பாக நினைக்க மாட்டாரென்று நம்பினேன்.

அண்ணன் பணத்தை எண்ணவில்லை. மடியில் வைத்துக்கொண்டு என்னைத்தான் பார்த்தார்.

"ஒறவ முடிச்சுக்கிட்டுப் போக நீயும் சேந்துதான் வந்தியா தங்கச்சி?"

"கடனத்தாண்ணே முடிக்க வந்தோம்."

"எனக்கு ரெண்டும் ஒன்னுதான்."

அண்ணி காப்பித்தண்ணி கொண்டுவந்தாள். அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே உள்ளே எடுத்துப் போய்விட்டாள்.

அடுத்த மாதமே தோட்டத்துச் சுமை வேறொருவர் கைக்குப் போனது. கடை எடுக்கவும் வழியில்லை. கூண்டு வண்டியை மாட்டோடு விற்றோம். பதுளைக்கு ரயில் வந்த பிறகு, மிச்சமிருந்த ஒரு வண்டியை வைத்து ரயிலடியிலிருந்து கடைவீதிக்கு மூட்டை இழுத்தார் என் வீட்டுக்காரர். வருமானம் பாதிகூட இல்லை. ஆனால் இரவில் தூங்கினார். எனக்குத்தான் தூக்கம் போனது.

அண்ணன் மகள் கல்யாணத்துக்கு எங்களுக்கு அழைப்பு வரவில்லை. கல்யாணத்தன்று காலை வண்டி பூட்டும்போது, "போகணும்னா போயிட்டு வா. நான் ஒன்னும் சொல்ல மாட்டேன்" என்றார்.

"கூப்புடாம எப்படிங்க போறது?"

அவர் நுகத்தடிக் கயிற்றை இழுத்துக் கட்டினார். பிறகு வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். நான் அடுப்பைப் பற்றவைத்தேன்.