கேவல்கேட் நின்ற இடம்

எனக்கு ஒரு கெட்ட வியாதி. யாராவது ஆங்கில வார்த்தையை இடம் மாற்றிப் போட்டால் வாய் சும்மா இருக்காது. இதனால் நண்பர்கள் குறைந்துவிட்டார்கள். மிச்சமிருப்பவர்களில் ஒருவர் சுந்தரேசன் – சீர்காழியில் நிருபர்.

போன வாரம் அவரோடு ஓர் அமைச்சரின் சுற்றுப்பயணத்துக்குப் போனேன். வரிசையில் கடைசிக் கார் எங்களுடையது. முன்னால் போன கார்களின் புழுதி முழுக்க எங்களுக்குத்தான்.

"மினிஸ்டரோட கேவல்கேட் இப்பத்தான் பாலம் தாண்டுது" என்று போனில் செய்தி சொல்லிக்கொண்டிருந்தார் சுந்தரேசன். விடுவேனா?

"கேவல்கேட்னா குதிரையில போற ஊர்வலம்யா. இது கார். மோட்டர்கேட்னு சொல்லணும்."

"குதிரைக்கு நான் எங்க சார் போவேன்? எங்க எடிட்டருக்குப் புரியுது, விடுங்க."

இப்போதெல்லாம் எது வரிசையாகப் போனாலும் கேவல்கேட்தான். அகராதிகளே அவர் பக்கம் சாய்ந்துவிட்டன. அதை நான் ஒப்புக்கொள்வதற்குள் கார் நின்றது.

வாய்க்கால் கரை ரோடு. முன்னால் ஒரு சவ ஊர்வலம்... அசையாமல் நின்றது. சுடுகாடு வயலுக்கு அந்தப் பக்கம். போகிற வரப்போ மிராசுதாரின் பட்டாவில். 'நடவு முடிந்த வயலில் கால் படக்கூடாது' என்று முள் வெட்டிப் போட்டு அடைத்திருந்தார். இல்லையென்றால், பாடையோடு வாய்க்கால் தண்ணீரில் இறங்க வேண்டும். சம்பா வந்தாலே இந்தத் தகராறுதான்.

காலையிலேயே எடுத்திருக்க வேண்டிய உடல். அமைச்சர் இந்த வழியாக வருகிறார் என்று தெரிந்து காத்திருந்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் பிணத்துக்குப் பின்னால் யாரும் ஹாரன் அடிப்பதில்லை. எவ்வளவு பெரிய மனிதரும் இறங்கி நிற்பார். அமைச்சர் மட்டும் விதிவிலக்கா?

கார்க் கதவுகள் வரிசையாகத் திறந்தன. அமைச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு, போய்க் கும்பிட்டார்.

"எங்க அப்பாங்கய்யா" என்றார் கொள்ளிச்சட்டியோடு நின்ற மகன். "இந்த வயல்ல குனிஞ்சு குனிஞ்சே முதுகு வளைஞ்சவரு. இன்னிக்கு மட்டும் இதுல எறங்கக் கூடாதாம்."

அமைச்சர் திரும்பிப் பார்த்தார். மிராசுதார் வேறெங்கும் இல்லை, இரண்டாவது காரில்தான் வந்திருந்தார் – கட்சியின் உள்ளூர்ப் பொறுப்பாளரே அவர்தான்.

தோள் துண்டைச் சரிசெய்துகொண்டே, "நம்ம எடந்தானே... தாராளமாப் போங்கப்பா" என்றார். முள் விலகியது. பறை மறுபடி முழங்கியது.

இன்றைக்குத் தாராளம். அடுத்த சாவுக்கும் ஓர் அமைச்சர் வர வேண்டுமே?

சுந்தரேசன் இறங்கி முன்னால் போய் நின்றார்; அங்கே பேசியதெல்லாம் பிறகு அவர் சொன்னதுதான். டிரைவரும் இறங்கி நின்றார். நான்? சவ ஊர்வலத்துக்கென்றே ஆங்கிலத்தில் 'கார்ட்டேஜ்' என்று தனி வார்த்தை உண்டே... அதை எப்படி உச்சரிப்பது என்று காருக்குள் உட்கார்ந்து செல்போனில் தேடிக்கொண்டிருந்தேன்.

திரும்பும் வழியில் ஒரு டீக்கடை. பாடை தூக்கியவர்களில் ஒருவர், தலையில் ஈரம் காயாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து இடம் விட்டார்.

"உக்காருங்க சார், நிக்காதீங்க. கடைசிக் கார்ல இருந்தது நீங்கதானே? எல்லாரும் எறங்குனாங்க, நீங்க மட்டும் எறங்கல. பாவம், கால் வராதவரு போலன்னு பேசிக்கிட்டோம்."