இடது கை போதும்

எக்ஸ்ரே அறையில் பதினேழு வருஷமாக வேலை பார்க்கும் அந்த அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் 'மூச்சப்பிடி' என்றே பெயர். நாள் முழுக்க வருகிறவர்களிடமெல்லாம் அதைத்தான் சொல்கிறாள். வீட்டில் புருஷன் குரலை உயர்த்தினால்கூட "மூச்சப் பிடிங்க" என்பாள். அவரும் பாதியில் சிரித்துவிடுவார்.

வாயைக் கட்டிப்போட்ட வேலை அது. படத்தில் என்ன தெரிந்தாலும் டாக்டர்தான் சொல்ல வேண்டும். அதையும் பொறுத்துக்கொண்டாள். அவள் வயிறு எரிவது வருஷத்துக்கு ஒருமுறை, விளையாட்டுப் போட்டிக்கு முன்னால் கோச்சுகள் பிள்ளைகளை வரிசையாக ஓட்டிக்கொண்டு வரும்போதுதான். ஆளுக்கு ஒரு படம், இடது மணிக்கட்டு மட்டும். எலும்பு முனையில் வளர்ச்சிக்கோடு மூடாமல் இருந்தால் வயது குறைவு, சின்னப் பிள்ளைகள் பிரிவில் ஆடலாம். அந்தக் கோட்டுக்குத் தவம் கிடப்பவர்கள், அது எத்தனை இளசு, எத்தனை சீக்கிரம் நசுங்கும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஆடு நனைகிறதே என்று ஓநாயாவது அழுதது. இவர்கள் அதுகூட இல்லை.

இந்த வருஷம் ஏழாவதாக வந்தவள் ஜிம்னாஸ்டிக்ஸ் ஆடும் பன்னிரண்டு வயதுப் பெண். இடது கையை மேஜைமேல் வைக்கச் சொன்னால், அந்தக் கையாலேயே வலது மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டு நின்றாள்.

"எத்தனை நாளா வலி?"

"நாலு மாசமாக்கா. கை ஊனிக் குதிக்கிறப்ப மட்டுந்தான்."

ஜிம்னாஸ்டிக்ஸில் கை ஊன்றாத நேரம் ஏது?

கதவருகே நின்ற கோச் சிரித்தார். "ஒண்ணுமில்ல மேடம். போட்டி வந்தா இவளுக்கு வலியும் வந்துடும். இடது கை போதும்."

அக்கா டாக்டரிடம் போய் வலது கைக்கும் சீட்டு எழுதி வாங்கிவந்து, இரண்டு கையையும் படம் எடுத்தாள். இடது கையில் கோடு மெல்லிசாக இருந்தது. வலது கையில் அதே கோடு அகன்று, ஓரமெல்லாம் அரித்துக் கிடந்தது. டாக்டர் பார்த்துவிட்டு எழுதினார்: மூன்று மாதம் கை ஊன்றக் கூடாது, மீறினால் எலும்பு வளர்வது நின்றுபோகலாம்.

கோச் இடது கை அறிக்கையை மட்டும் ஃபைலில் செருகினார். "வயசு சரியா இருக்குல்ல, அது போதும். மத்தத போட்டி முடிஞ்சு பாத்துக்கலாம்."

"யாரு கைய யாரு பாத்துக்கிறது? உங்க கையா இருந்தா இந்நேரம் கட்டுப் போட்டு லீவுல இருப்பீங்க" என்றாள் அக்கா. புகார் போகும் என்று தெரியும். போகட்டும்.

கோச் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியேறினார். அக்கா வலது கை அறிக்கையைப் பெண்ணிடம் நீட்டினாள்.

"வெளிய அம்மா இருக்காங்கல்ல? இதக் குடுத்து, என்னன்னு சொல்லும்மா."

பெண் வாங்கவில்லை.

"நீங்களே சொல்லுங்கக்கா. நான் நாலு மாசமா சொல்லிட்டுத்தான் இருக்கேன்."