பனி தள்ளும் வண்டிக்கு லைட் பார்த்தது

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் பழைய பிக்அப்பின் கூரையில் எச்சரிக்கைக்கு மின்னும் மஞ்சள் லைட் செத்துப்போனது. அண்ணையும் நானும் கனடாவில் பிரெஞ்சு பேசும் பகுதியான பியர்பொன்ட்ஸில் இருபது சொச்சம் வீடுகளின் வாசல்களில் பனி தள்ளிக்கொண்டிருந்தோம். முன்னால் பிளேடு பூட்டிய பிக்அப்பை அண்ணை ஓட்டுவார். பிளேடு போகாத படிகளை நான் இறங்கிப் பனி அள்ளும் சவளால் வழிப்பேன். எனக்கும் லைசென்ஸ் இருந்தது, ஆனால் கையில் கொடுக்கப்பட்டது சவள்தான். வீட்டுக்காரர்களில் பாதிப்பேர் எங்கள் பங்குக் கோயில் ஆட்கள். மீதிப்பேர் அவர்கள் சொல்லி வந்த அயலவர்கள்.

என்னைக் கனடாவுக்கு எடுத்தவர் அண்ணை. எட்டு வயது மூத்தவர். ஆகவே எந்த விஷயத்திலும் முடிவு சொல்வது அவருடைய வேலை, ஓம் என்பது என்னுடைய வேலை. இந்தப் பிரிவினையில் எனக்குப் பெரிய மனக்குறை இருந்ததில்லை. பிழை வந்தால் அதுவும் அவருடையதுதானே.

லைட் வாங்குவது என்றதும் முதலில் ரொறன்ரோவுக்கு ஃபோன் போனது. எங்கள் குடும்பத்தில் எது வாங்கினாலும் அப்படித்தான். அங்கே இருக்கும் மச்சான், தங்கள் பக்கத்துப் பனி வண்டிகளில் நீலம்தான் மின்னுகிறது, நீலமே வாங்குங்கள் என்றான். அண்ணை கடையில் போய் நீலம் கேட்டார். கடைக்காரர் எங்கள் இருவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, இங்கே நீலம் பொலிசுக்கு உரியது என்று பிரெஞ்சில் மெதுவாகச் சொன்னார். நாங்களும் அதைத்தான் நினைத்தோம் என்பதுபோல அண்ணை தலையாட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, "ரொறன்ரோக்காரருக்கு ஒண்டும் தெரியாது" என்றார்.

கடைக்காரர் மூன்று மஞ்சள் லைட்டுகளைத் தந்துவிட்டார். ஒன்று சுழல்வது. ஒன்று வெட்டி வெட்டி மின்னுவது. மற்றது அப்போதுதான் புதிதாக வந்திருந்த எல்.ஈ.டி. லைட். பிடித்ததை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் பெட்டி கிழியாமல் கொண்டுவரச் சொன்னார். மூன்றுக்கும் அடியில் காந்தம் இருந்தது. கூரையில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும், பிளக்கைச் சிகரெட் லைட்டர் துளையில் செருகினால் எரியும்.

சனிக்கிழமை பின்னேரம் பனி நன்றாகக் கொட்டியது. வீட்டுக்குள் வைத்துப் பார்த்தால் எல்லா லைட்டும் வடிவுதான், பனிக்குள் எது தெரிகிறது என்பதுதான் கேள்வி என்றார் அண்ணை. அது நியாயம். நான் வாசலில் பிக்அப்போடு நிற்க, அவர் பத்து வீடு தள்ளி இருந்த பஸ் தரிப்பிடம்வரை நடந்துபோய், திரும்பி நின்று செல்ஃபோனில் கூப்பிட்டார். அவ்வளவு பனிக்குள்ளும் அவருடைய சிவப்பு ஜாக்கெட் எனக்குத் தெரிந்தது.

"முதல் லைட் சுத்துது அண்ணை. தெரியுதோ?"

"ஓம், வடிவாத் தெரியுது."

லைட்டை மாற்றினேன். "இது மின்னுறது."

"ஓம் ஓம். இது அதைவிடத் திறம்."

அதைக் கழற்றி, எல்.ஈ.டி.யைக் கூரையில் வைத்துவிட்டு உள்ளே ஏறினேன். "இப்ப மூண்டாவது" என்றேன்.

"இதுதான்டா லைட். கண்ணைப் பறிக்குது. மற்ற ரெண்டையும் பெட்டிக்குள்ள வை."

பிளக் இன்னும் என் கையில் இருந்தது.

அண்ணை பகிடி விடுகிற ஆள் இல்லை. இருந்தாலும் ஒரு நப்பாசையில், "எப்பிடி அண்ணை எரியுது? விட்டு விட்டோ?" என்று கேட்டேன். "விட்டு விட்டுத்தான். ஆனா நல்ல கெதி" என்றார். எரியாத லைட்டைப் பற்றி யாரும் இவ்வளவு விவரமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

அவர் நடந்துவர ஐந்து நிமிடம் எடுத்தது. அதற்குள் எனக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. அந்த ஒரு குளிர்காலத்தில் இரண்டு தபால்பெட்டிகளையும், ஒரு மரவேலியையும், கோயில் முற்றத்து மாதா சுரூபத்தின் பீடத்தையும் இடித்திருந்தோம். அவை எல்லாம் முன்பு இருந்த இடத்தில் இல்லை, யாரோ தள்ளி வைத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு முறையும் அண்ணை சொன்னார். மாதா விஷயத்திலும் அதையே சொன்னார். நானும் ஓம் என்றேன்.

அந்த வீடுகளில் பிள்ளைகள் இருந்தார்கள். நாங்கள் தள்ளிக் குவித்த பனிக்குள் குகை தோண்டி விளையாடுகிற பிள்ளைகள். ஒரு தபால்பெட்டியின் உயரம்கூட இல்லாதவர்கள். அதேநேரம் அண்ணை டோர்வல் விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளை இழுக்கும் வண்டி ஓட்டுபவர். கண் சரியில்லை என்று வெளியே வந்தால் அந்த வேலையும் போய்விடும். நான் வாயைத் திறந்தால் அவருக்கு இரண்டு வேலையும் இல்லை. திறக்காவிட்டால் அடுத்த முறை இடிபடுவது தபால்பெட்டியாக இருக்காது. அவர்மேல் கோபமும் வந்தது. இத்தனை நாள் பக்கத்தில் இருந்தும் கவனிக்காத என்மேல் அதைவிட அதிகமாக வந்தது.

அண்ணை புருவமெல்லாம் பனியோடு வந்து குசினி மேசையில் இருந்தார். அண்ணி தேத்தண்ணி ஊற்றினார். மூன்றாவது லைட்டின் சிறப்புகளை அண்ணை அண்ணிக்கு விளக்கத் தொடங்கினார். ரொறன்ரோவுக்கும் சொல்லவேண்டும் என்றார். அவரை மறித்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. எங்கே தொடங்குவது என்று தெரியாததால் நேராகச் சொன்னேன்.

"அண்ணை, மூண்டாவது லைட்டை நான் போடேல்லை. பிளக் என்ர கையில இருந்தது."

அண்ணி கேத்திலைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். அண்ணை கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவர் ஒரு மிடறு குடித்தார்.

"அப்ப முதல் ரெண்டும்?"

"ரெண்டும் எரிஞ்சது அண்ணை."

அவர் கோப்பையை மேசையில் வைத்து இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தார். வெளியே பனி கொட்டிக்கொண்டே இருந்தது. விடிந்தால் இருபது வாசலும் மூடிக் கிடக்கும்.

"பிக்அப் திறப்பு ஆரிட்ட?" என்று கேட்டார்.

"என்னட்டத்தான்." வழக்கம்போல அவரிடம் கொடுக்கச் சாவிக்கொத்தை எடுத்து நீட்டினேன்.

அவர் கோப்பையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நீயே வைச்சிரு" என்றார்.