பள்ளிக்கூட வீதிக் கானும் ஒரு வெளியூராரும்

விலைமனுக்களைத் திறந்த அன்று பிரதேச சபைக் கூட்ட அறையில் இருந்தவர்கள்: செயலாளர், தொழில்நுட்ப உத்தியோகத்தரான ரீ.ஓ. சேர், ஒப்பந்தக்காரர் றவூப் காக்கா, தூரத்துக் கம்பனி ஒன்றிலிருந்து வந்த ஒருவர், நான். வராதவர் ஜௌபர் என்ற இன்னொரு ஒப்பந்தக்காரர். அவருடைய கடித உறை மட்டும் பெட்டிக்குள் இருந்தது.

"ஜௌபர் எங்க?" என்றார் செயலாளர்.

"மாமா மௌத்தாம் சேர். அடக்கத்துக்கு ஊருக்குப் போயிட்டான், பொத்துவிலுக்கு," என்றார் றவூப் காக்கா.

நான் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம். வாப்பா கடல் தொழில். எங்கள் குடும்பத்தில் படித்து ஒரு மேசை கிடைத்த முதல் ஆள் நான்தான். அந்த மேசைக்கு வந்த முதல் பெரிய கோப்பு பள்ளிக்கூட வீதி வடிகான். மாரிக்கு முன் கட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் வழமைபோல அந்த வீதி வீடுகளுக்குள் தண்ணீர் ஏறும்.

சபையில் அப்போதுதான் ஒரு தீர்மானம் எடுத்திருந்தார்கள். சபை எல்லைக்குள் வசிக்கும் ஒப்பந்தக்காரரின் விலை, ஆகக் குறைந்த விலையைவிட நூற்றுக்குப் பத்து வீதத்துக்குள் கூடியிருந்தால் வேலையை அவருக்கே கொடுக்கலாம். ஊர்ப் பணம் ஊரில் நிற்கும், ஊர் மேசன்மாருக்கு வேலை கிடைக்கும். எனக்கு அது நியாயமாகவே பட்டது. இன்றும் படுகிறது.

கம்பனி பதினெட்டு இலட்சத்து நாற்பதாயிரம் போட்டிருந்தது. ஜௌபர் பத்தொன்பது இலட்சத்து இருபத்தையாயிரம். றவூப் காக்கா பத்தொன்பது இலட்சத்து அறுபதாயிரம். ஒப்பீட்டு அட்டவணை தயாரிப்பது என் வேலை. அதில் உள்ளூரா வெளியூரா என்று ஒரு நிரல் இருந்தது. றவூப் காக்காவுக்கு உள்ளூர் என்று எழுதினேன். அவர் பிறந்தது எங்கள் ஊர். ஜும்ஆவுக்கு எங்கள் பள்ளிக்குத்தான் வருவார். எந்தத் தேத்தண்ணிக் கடையிலும் அவருக்கு ஒரு கதிரை உண்டு. ஜௌபருக்கு வெளியூர் என்று எழுதினேன். ஊரே அவரைப் பொத்துவிலார் என்றுதான் கூப்பிடும். உறைகளுக்குள் இருந்த, கிராம சேவகரான ஜீ.எஸ். கொடுத்த வதிவிடச் சான்றிதழ்களைக் கோப்பில் கோத்தேனே தவிர வாசிக்கவில்லை. தெரிந்த ஆட்களுக்குச் சான்றிதழ் எதற்கு என்று நினைத்தேன்.

வேலை றவூப் காக்காவுக்குப் போனது. நாலாம் நாள் ஜௌபர் வந்தார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"தம்பி, பன்னிரண்டு வருசமா பள்ளிக்கூட வீதியில இரிக்கன், பொஞ்சாதிட ஊட்ட. போன மாரிக்குத் தண்ணி குசினிக்குள்ள வந்திச்சி. எங்கட வாசலால ஓடுற கானுக்கு நான் வெளியூரானா?"

"எல்லாரும் பொத்துவிலார் எண்டுதானே காக்கா..."

"அப்ப றவூப்? அவன் கலியாணம் முடிச்சி இருவது வருசமா சாய்ந்தமருதுல கிடக்கான். வோட்டும் அங்க, வரியும் அங்க. தேத்தண்ணி குடிக்கத்தான் இஞ்ச வாறான்."

கோப்பைத் திறந்தேன். ஜௌபரின் சான்றிதழில் எங்கள் பிரிவு. றவூப் காக்காவின் சான்றிதழில் சாய்ந்தமருது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான், கலியாணம் முடித்தவன் அங்கே போய் இருப்பான். இது எனக்குத் தெரியாததா? அப்படியிருந்தும், பிறந்த வீடு எங்கேயோ அதுதான் ஒருவரின் ஊர் என்று எழுதியிருக்கிறேன்.

செயலாளர் முடிவை நிறுத்தி, றவூப் காக்காவைக் கூப்பிட்டார்.

"நான் வெளியூரானா? என்ட தொப்புள்கொடி இஞ்சதான் கிடக்கு சேர்!"

"அதுக்கு ஜீ.எஸ். சான்றிதழ் குடுக்கிறல்லயே காக்கா," என்றார் ரீ.ஓ. சேர்.

யாரும் சிரிக்கவில்லை. வேலை தனக்குத்தான் என்று ஜௌபர் ஒரு மனு, தனக்குத்தான் என்று றவூப் காக்கா ஒரு மனு. கோப்பு மேலிடத்துக்குப் போனது. மாரி வந்தது, கோப்பு வரவில்லை.

மழை விட்ட ஒரு காலையில் பள்ளிக்கூட வீதிக்குப் போனேன். ஜௌபரின் வீட்டில் குளிர்சாதனப்பெட்டியைக் கல்லுக்கு மேல் ஏற்றியிருந்தார்கள். முழங்கால் தண்ணீரில் நின்றபடி எனக்கு ஒரு பலகை போட்டுத் தந்தார்.

"வாங்க தம்பி. வெளியூரான்ட ஊடுதான், பரவாயில்ல, வாங்க."

மாரி முடிந்து மறுபடியும் விலை கோரினோம். "இந்த முற உள்ளூர், வெளியூர் ஒண்டும் வேணாம். ஆகக் குறைஞ்ச விலைக்குக் குடுங்க," என்றார் செயலாளர். சீமெந்து விலை அதற்குள் ஏறியிருந்தது. அதற்கு முதல் போட வழியில்லாமல் எங்கள் ஆட்கள் இருவரும் விலை போடவில்லை. வேலை கம்பனிக்குப் போனது. கம்பனி ஆள் தேடி வந்து, ஜௌபரையே நாள் கூலிக்கு மேசனாகப் பிடித்தது.

அப்படியானால் வேலை உள்ளூருக்குப் போனதா, வெளியூருக்குப் போனதா? எனக்கு இன்றும் விளங்கவில்லை. எனக்கு அட்டாளைச்சேனையில் கலியாணம் பேசி முடித்திருக்கிறது. அதற்குப் பிறகு உன் பெயருக்கு எதிரே என்ன எழுதுவாய் என்று ரீ.ஓ. சேர் கேட்கிறார். அதுவும் விளங்கவில்லை.

சபை வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். ஆளைத் தெரியும் என்று நிரலை நிரப்பாதீர்கள், உறைக்குள் இருப்பதை வாசியுங்கள். ஜௌபர் பத்தொன்பது இலட்சத்து இருபத்தையாயிரத்துக்குக் கட்டித் தருவதாக எழுதிய அதே கானை, அவர் கையாலேயே கட்டி முடிக்கச் சபைக்குச் செலவானது இருபத்துமூன்று இலட்சத்து எண்பதாயிரம் ரூபாய்.