காலுறைக்குள் கச்சோலம்

சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில், பெட்டிகள் சுற்றிவரும் இடத்தில் ஒரு நாய் மோந்துகொண்டே வருகிறது. எங்கள் பெட்டியருகே வந்ததும் உட்கார்ந்துவிடுகிறது. உணவுப் பொருளின் வாசனை பிடித்தால் அது அப்படித்தான் உட்காருமாம்.

விடுமுறைக்குப் போன பாலித் தீவில், மீன் விழுதை எலுமிச்சைப்புல் தண்டில் பிடித்துச் சுட்டு விற்ற தள்ளுவண்டிக்காரியிடம் என் மனைவி கவிதா செய்முறை கேட்டாள். அந்தப் பெண் இஞ்சி போலிருக்கும், கற்பூர வாசனையடிக்கும் பச்சைக் கச்சோலக் கிழங்கை ஒரு கைப்பிடியும் சேர்த்துக் கொடுத்தாள். மில்பிடாஸிலுள்ள எங்கள் வீட்டில் சமைத்துப் பார்க்க வேண்டுமென்று, பச்சைக் கிழங்குக்கு இங்கே அனுமதியில்லை என்று தெரிந்தும் கவிதா அதைப் பெட்டியில் என் காலுறைக்குள் திணித்து வைத்திருக்கிறாள்.

"எனி ஃபுட்?" என்கிறார் நாயோடு வந்த சுங்க அதிகாரி.

"ஒன்லி மசாலா பவுடர்."

ஒவ்வொரு முறையும் ஊரிலிருந்து சாம்பார்பொடியோடு வரும்போது சொல்லிப் பழகிய பதில். யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது.

அவர் என் பாஸ்போர்ட்டில் விசா பக்கத்தைத் திருப்புகிறார். "ஐ வில் ஆஸ்க் யூ ஒன் மோர் டைம்."

"சொல்லிடுங்க. விசாவுல கை வச்சுடப் போறாங்க" என்று கவிதா முணுமுணுக்கிறாள்.

சொல்லிவிடுகிறேன். அவர் பெட்டியைத் திறந்து, காலுறையை உதறி, கிழங்குகளைக் குப்பையில் போடுகிறார். "நெக்ஸ்ட் டைம், டிக்ளேர் இட்" என்று பாஸ்போர்ட்டை நீட்டுகிறார்.

வெளியே நடக்கிறோம். "அப்பாடா" என்கிறேன். கவிதா கைப்பையை இடுப்போடு இறுக்கிப் பிடித்திருக்கிறாள். அதிலிருந்து கற்பூரம் கலந்த மண்வாசனை வருகிறது.

வெளிவாசலில் இன்னொரு நாய் நிற்கிறது.