அயர்லாந்து மேஜையில் இடமில்லை

துபாயில் நான் வேலை பார்த்த தனியார் மருத்துவமனையில் வருடத்துக்கு ஒருமுறை 'நாடுகள் தினம்' கொண்டாடுவார்கள். கேண்டீனில் நாட்டுக்கு ஒரு மேஜை, அதில் கொடியும் பலகாரமும். பன்னிரண்டு மணி நேர டியூட்டி முடித்து வந்த நாங்கள் சேலை கட்டிக்கொண்டு சிரிக்க வேண்டும். மேலதிகாரிகளுக்கு அதில் பரம திருப்தி.

டயாலிசிஸ் பிரிவில் என்னோடு இருந்த நர்ஸ் பெல்ஃபாஸ்ட்காரி. அயர்லாந்துத் தீவின் வடக்கு மூலை பிரிட்டனோடு இருக்கிறது, மீதி தனி நாடு என்பதை ஒரு மருந்து அட்டையின் பின்புறம் படம் போட்டு எனக்கு விளக்கியவள் அவள்தான். வடக்கே பிறந்தாலும் தன்னை அயர்லாந்துக்காரி என்றே சொல்லி வளர்ந்தவள். கத்தோலிக்கக் குடும்பம். பாஸ்போர்ட்டும் அயர்லாந்தினுடையதுதான்.

எங்கள் நர்சிங் மேலாளர் தெற்கே, டப்ளின்காரர். பேச்சுக்குப் பேச்சு "எங்கள் தீவு" என்பார். தீவைப் பிரித்தவர்களைத் திட்டாமல் அவர் ஒரு டீ குடித்து நான் பார்த்ததில்லை.

அந்த வருடம் அவள் அயர்லாந்து மேஜைக்குப் பெயர் கொடுத்தாள். மறுநாளே மேலாளர் எங்கள் வார்டுக்கு வந்துவிட்டார்.

"பிரிட்டன் மேஜையில் ஆள் குறைவாம். உனக்கு அங்கே வசதியாக இருக்குமே," என்றார் சிரித்தபடி.

"நான் பிரிட்டிஷ் இல்லையே."

"தெரியும். ஆனாலும் நீங்கள் வடக்கே வேறு மாதிரி வளர்ந்தவர்கள். நீ வந்தால் அரசியல் பேச்சு வரும். நாங்கள் ஜாலியாக இருந்துவிட்டுப் போகிறோமே."

பிரிட்டன் மேஜையைக் கவனித்த பிசியோதெரபிஸ்ட் அம்மாளிடம் விஷயம் போனது. "அவள் ஐரிஷ்காரி ஆயிற்றே, அவர்களோடே நிற்கட்டும்," என்றாராம் அவர்.

எனக்கு ஆத்திரம் வந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் மூன்று வருடமாக நானும் மற்றவர்களிடம் அவளை "பிரிட்டிஷ் சிஸ்டர்" என்றுதான் சொல்லிவந்தேன். இத்தனைக்கும் நான் கேரள எல்லையை ஒட்டிய குமரி மாவட்டத்தில், குளச்சல் பக்கத்துக்காரி. இந்தியர்கள் அதிகம் என்பதால் எங்களுக்கு மட்டும் மாநிலத்துக்கு ஒரு மேஜை. தமிழ்நாட்டு மேஜைக்குப் பொறுப்பேற்ற மதுரைக்கார லேப் டெக்னீஷியன் முந்தின வாரம்தான் என்னிடம் சொல்லியிருந்தார்: "சிஸ்டர், உங்க பேச்சே மலையாளம் மாதிரில்ல இருக்கு. கேரளாக்காரங்களோட நின்னுக்கங்களேன்."

"எங்களுக்க வீட்டுல தமிழுதான் அண்ணே பேசுவோம்," என்றேன், ஏதோ தப்புச் செய்தவள்போல. அந்தக் குரலை நினைத்தால் இன்றும் என்மேல்தான் எரிச்சல் வருகிறது.

விழா அன்று அவள் டியூட்டியை மாற்றிக்கொண்டு வார்டிலேயே இருந்துவிட்டாள். கேண்டீனில் மேலாளர் பச்சை டை கட்டி, கண்ணை மூடி, தீவு மறுபடி ஒன்றாகும் என்று ஒரு பாட்டுப் பாடினார். அவருக்குக் கண் கலங்கியது. பிலிப்பைன்ஸ் பெண்கள் கைதட்டினார்கள். பக்கத்தில் நின்ற இந்திய டாக்டர் ஒருவர், "வாக்கெடுப்பு வந்தால் வடக்கைச் சேர்த்துக்கொள்வீர்களா?" என்று கேட்டார்.

மேலாளர் டிஷ்யூவால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கொள்கையளவில் கட்டாயம். ஆனால் அவர்கள் செலவையெல்லாம் எங்கள் வரியிலிருந்தா கொடுப்பது? அப்புறம் கொடியை மாற்று, பாட்டை மாற்று என்பார்கள். அவசரம் ஒன்றுமில்லை."

டிஷ்யூ நனைந்திருந்தது. மனிதர் அதற்குள் கணக்குப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

ஒரு தட்டில் கேக் எடுத்துப்போய் அவளிடம் இதைச் சொன்னேன். அவள் வாய்க்குள்ளேயே சிரித்தாள்.

"டப்ளினிலிருந்து எங்கள் ஊருக்கு இரண்டு மணி நேரப் பயணம்தான். அவர் வந்ததே இல்லை. சாமான் மலிவு என்றால் மட்டும் தெற்குக்காரர்கள் எல்லை தாண்டிக் கடைவரை வருவார்கள். பை நிறைந்ததும் திரும்பிவிடுவார்கள்."

அவள் வீட்டுக்குப் பின்னால், பிரிட்டனோடே இருக்க விரும்பும் புராட்டஸ்டன்ட்காரர்கள் தெரு ஒன்று உண்டென்று முன்பு சொல்லியிருந்தாள். "நீ அந்தத் தெருவுக்குப் போயிருக்கிறாயா?" என்று கேட்டேன்.

"நானா? அங்கே எனக்கு என்ன வேலை?" என்றாள் பட்டென்று. பிறகு கேக்கைத் தின்பதிலேயே கவனமாக இருந்தாள்.

ஒப்பந்தம் முடிந்து அவள் கிளம்பிய நாளில் மேலாளர் பிரியாவிடை உரை ஆற்றினார். "எங்கள் தீவின் மகள்" என்று கட்டிப்பிடித்துக்கொண்டார். அவளும் நன்றி சொன்னாள். முதல் வரிசையில் நின்று நான் பலமாகக் கைதட்டினேன். என் லீவு விண்ணப்பம் அவர் கையெழுத்துக்காகக் காத்திருந்தது.